சாவியும் கணிப்பொறியும்



நமது பங்குப் பள்ளியின் மாடியிலே ஓர் அறை உண்டு. வெளிநாட்டில் பணிபுரியும் பழைய மாணவர் சிலரின் கொடையால் பத்துக் கணிப்பொறிகள் அங்கே வந்து சேர்ந்தன. பாடநூல் இப்பொழுது ‘கணினி’ என்கிறது. நமக்கோ பழைய பெயரே நாவில் நின்றுவிட்டது. வந்த அன்றே தீர்த்தம் தெளித்து மந்திரித்தோம். தூசி படலாகாது என்று தையல் வகுப்பாரைக் கொண்டு வெள்ளைத் துணியில் உறை தைத்துப் போர்த்தினோம். காலணியைக் கழற்றிவிட்டே உள்ளே வரவேண்டும் என்று எழுதி ஒட்டினோம். களவு போய்விடுமோ என்ற அச்சத்தால் சாவியை நமது அறையின் ஆணியிலேயே மாட்டிக்கொண்டோம். பாதுகாப்பில் ஒரு குறையும் வைக்கவில்லை.

சென்ற ஆண்டு ஒருநாள் எட்டாம் வகுப்பிற்குச் சென்றிருந்தோம். “கணினி என்றால் என்ன?” என்று கேட்டதும், ஒரு சிறுமி கைகட்டி எழுந்து, உள்ளீடு, நினைவகம், வெளியீடு என்று ஒரு சொல்லும் பிசகாமல் ஒப்புவித்தாள். மகிழ்ந்துபோய், “அதில் என்ன செய்து பார்த்தாய், அம்மா?” என்றோம். “தொட்டதில்லை சாமி. ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறேன். துணி போர்த்தியிருக்கும்” என்றாள்.

எசமானன் ஒப்படைத்த பணத்தை மண்ணில் புதைத்த ஊழியனை மத்தேயு காட்டுகிறார். லூக்கா 19-ஆம் அதிகாரத்தில் வரும் ஊழியனோ அதைத் துணியில் பொதிந்து வைத்தான். குருவான நாள் தொட்டு இவ்வுவமையைப் பற்றி எத்தனையோ முறை பிரசங்கித்திருக்கிறோம். அந்தத் துணி நம் கண்ணில் பட்டது அன்றுதான்.

பள்ளிகளுக்குப் பொறிகளை வழங்குவது புதிய செயலன்று. 1984-ஆம் ஆண்டிலேயே நடுவண் அரசு ‘கிளாஸ்’ என்ற திட்டத்தின் வழியாக பி.பி.சி. மைக்ரோ என்னும் பிரித்தானியக் கணிப்பொறிகளைப் பள்ளிகளுக்கு அளிக்கத் தொடங்கியது. 2011-இல் தமிழக அரசு மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. வழங்குவது ஒன்று, கற்பிப்பது வேறொன்று. இதனை நாம் நமது ஆணியில் தொங்கிய சாவியினிடம் கற்றுக்கொண்டோம்.

“எங்களுக்கு வயதாகிவிட்டது, இதையெல்லாம் யார் பழகுவது?” என்று ஆசிரியர் இருவர் தயங்கினர். அவர்களுக்கு அருட்சகோதரி மேரி கென்னத் கெல்லரின் வரலாற்றைச் சொன்னோம். அமெரிக்க நாட்டினரான இவர் 1932-இல் துறவற சபையில் சேர்ந்து, கணிதம் பயின்று, கற்பிக்கும் பணியில் ஈடுபட்டிருந்தவர். ஐம்பது வயதைக் கடந்தபின், 1965-இல், விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் கணிப்பொறி அறிவியலில் முனைவர் பட்டம் பெற்றார். அந்நாட்டில் இத்துறையில் அப்பட்டம் பெற்ற முதற் பெண்மணி இக்கன்னியரே. பின்னர் ஐயோவா மாநிலத்தில் தமது சபையின் கிளார்க் கல்லூரியிலே கணிப்பொறித் துறையைத் தோற்றுவித்து, 1985-இல் இறைவனடி சேரும்வரை இருபதாண்டு அதனை நடத்தினார். நமக்கும் ஏறக்குறைய அதே வயதுதான். ஆகவே ஆசிரியருக்குச் சொன்ன கதை நமக்கும் ஒரு சாக்கைக் குறைத்துவிட்டது.

சாவி இடம் மாறியது. உறைகள் கழன்றன. ஒரு பொறிக்கு இருவராகப் பிள்ளைகள் அமர்ந்தனர். முதலில் கற்பித்தது ‘லோகோ’ என்னும் கட்டளை மொழி. 1967-இல் சீமோர் பேப்பர்ட் முதலியோர் குழந்தைகளுக்கென்றே இதனை ஆக்கினர். திரையில் ஓர் ஆமை நிற்கும். “நூறு அடி முன்னே செல், தொண்ணூறு பாகை வலப்புறம் திரும்பு” என்று நான்கு முறை ஆணையிட்டால் அது சதுரம் வரைந்துவிடும்.

முக்கோணம் வரையச் சொன்னபோதுதான் சுவை பிறந்தது. சமபக்க முக்கோணத்தின் கோணம் அறுபது பாகை என்று அனைவருக்கும் மனப்பாடம். அறுபது என்றே கட்டளையிட்டார்கள். மூன்று கோடுகள் வந்தன. முக்கோணம் மூடவில்லை, வாய் பிளந்து நின்றது. பொறி பழுதென்றான் ஒரு பையன். முன்பு ஜன்னல் வழியாகப் பார்த்த அதே சிறுமி எழுந்து, தரையில் மூன்று மூலைகளைக் குறித்துக்கொண்டு, தானே ஆமையாக நடந்து பார்த்தாள். மூலையில் நின்று உடலைத் திருப்பியபோது, “அறுபது போதாது, நூற்றிருபது திரும்பவேண்டும்!” என்று கூவினாள். உள்ளே அமையும் கோணம் வேறு, நாம் திரும்பும் கோணம் வேறு. அந்தத் தவறான கட்டளையையே ஆறு முறை தொடர்ந்தால் அழகிய அறுகோணம் பிறக்கும் என்பதையும் அன்று மாலைக்குள் கண்டுபிடித்துவிட்டார்கள். தவறு என்றால் சிவப்பு மையும் பிரம்பும் என்றே பழகிய நமக்கு இது ஒரு நல்ல பாடம்.

மின்சாரம் நின்றுபோகும் நாட்களும் உண்டல்லவா? அதற்கும் வழி இருக்கிறது. நியூசிலாந்தின் கான்டர்பரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டிம் பெல் என்பவரும் அவர்தம் தோழரும், பொறியே இல்லாமல் கணிப்பொறி அறிவியலைக் கற்பிக்கும் முறையை வகுத்துள்ளனர். ஐந்து பிள்ளைகள் வரிசையாக நிற்பார்கள்; கையில் 16, 8, 4, 2, 1 என்ற புள்ளிகளிட்ட அட்டைகள். அட்டையைக் காட்டினால் ஒன்று, மறைத்தால் பூச்சியம். “கிறிஸ்து பிறப்பு நாளைக் காட்டுங்கள்” என்றோம். பதினாறும் எட்டும் ஒன்றும் நிமிர்ந்தன. மற்ற இரண்டும் மறைந்தன. “ஐந்து பேரால் எதுவரை எண்ணலாம்?” என்றோம். முப்பத்தொன்று என்று கணக்கிட்டனர். “முப்பத்திரண்டு வேண்டுமானால்?” “இன்னும் ஓர் ஆள் வேண்டும், சாமி!” வேப்பமரத்தடியில் முக்கால் மணி நேரத்தில் இரும எண் முறை விளங்கிவிட்டது.

ஒரு ஞாயிறு திருப்பலிக்குப்பின் ஒரு தாய் நம்மை மறித்தார். “பிள்ளை கையில் போனைக் கொடுக்காதே என்று பிரசங்கம் வைக்கிறீர்கள். பள்ளியிலோ மெஷினைத் திறந்துவிட்டிருக்கிறீர்களே, சாமி?” என்றார். நியாயமான கேள்வி. 2020-ஆம் ஆண்டுப் பெருந்தொற்றின்போது பாடத்துக்கென்று வாங்கிய கைப்பேசி, பாடம் முடிந்தபின்னும் கையைவிட்டு இறங்காத வீடுகள் நமது பங்கிலேயே பல உண்டு. நமது பள்ளியில்கூட, படக்கருவியை ஓடவிட்டு ஆசிரியர் ஓய்ந்து அமர்ந்துவிடும் வகுப்பைக் கண்டு வருந்தியிருக்கிறோம். விளக்கம் சொல்வதைவிட, வந்து பாருங்கள் என்று அழைத்தோம். அவர் வியாழனன்று வந்து, கதவருகே நின்று, தம் மகன் தாளில் கட்டளைகளை எழுதி, அடித்து, மீண்டும் எழுதுவதைக் கால்மணி நேரம் பார்த்தார். “இது அந்தப் போன் மாதிரி இல்லையே” என்று மட்டும் சொல்லிப் போனார். வீட்டில் கைப்பேசியை இன்னும் பூட்டியே வைத்திருக்கிறாராம். நாமும் அதற்கு மறுப்புச் சொல்லவில்லை.

பத்துப் பொறிகளில் ஒன்றின் கம்பியை எலி கடித்துவிட்டது. மூன்றுக்கு விசைப்பலகை மாற்றவேண்டியுள்ளது. கொடையாளருக்குக் கடிதம் எழுதினோம். “உடைத்துவிட்டார்களா?” என்று கேட்டிருந்தனர். “தேய்ந்துவிட்டன” என்று பதில் எழுதியிருக்கிறோம்.