நாலு பெசோ ராஜபாட்டை

ஒரு சின்னக் கணக்கு. நீங்கள் ராப்பகலாக நெய்த கம்பளி ஒன்றைக் கொண்டுபோய் ஒரு வியாபாரியிடம் போடுகிறீர்கள். 'ஒரு பெசோ' என்று உங்கள் பேரில் வரவு எழுதிக்கொள்கிறார். பதிலுக்கு அவரிடம் ஒரு கத்தி வாங்குகிறீர்கள். அதுவும் 'ஒரு பெசோ'தான். ஒன்றுக்கு ஒன்று சரியாப் போச்சு என்று எழுந்திருக்கிறீர்கள்.

''எங்கே கிளம்பிட்டீங்க? இன்னும் முக்கால் பெசோ பாக்கி இருக்கே!'' என்கிறார் வியாபாரி.

எப்படி? உங்கள் கம்பளிக்கு அவர் எழுதியது 'நாட்டு பெசோ'. மதிப்பு 2 ரியால். அவருடைய கத்திக்கு எழுதியது 'வெள்ளி பெசோ'. மதிப்பு 8 ரியால். விற்கப் போன நீங்கள் கடன்காரனாகத் திரும்பி வருகிறீர்கள்.

கம்பளியும் கத்தியும் நான் சொன்ன உதாரணம். வித்தை என்னுடையதல்ல. இன்றைக்கு அமெரிக்காவில் நியூ மெக்ஸிகோ மாநிலமாக இருக்கிற பகுதியில், ஸ்பெயின் ஆட்சியில், 18ஆம் நூற்றாண்டில் அன்றாடம் நடந்த வியாபாரம் இது. நடத்தியவர்கள் தெற்கே இருக்கும் சிவாவா நகரத்து வியாபாரிகள். (ஆமாம், கைக்கு அடக்கமான அந்த நாய்க்குட்டிக்குப் பெயர் கொடுத்த அதே சிவாவா.) மொத்தம் நாலு பெசோ வைத்திருந்தார்கள். வெள்ளி பெசோ 8 ரியால். 'ப்ரொயெக்தோ' பெசோ 6 ரியால். பழைய பெசோ 4 ரியால். நாட்டு பெசோ 2 ரியால். இதில் வெள்ளி பெசோ ஒன்றுதான் கையில் பிடிக்கக்கூடிய காசு. அதுவும் நியூ மெக்ஸிகோ விவசாயி கண்ணில் படுவது அபூர்வம். மற்ற மூன்றும் கணக்குப் புத்தகத்தில் மட்டுமே வாழ்ந்த ஆவிகள். விற்கும்போது பெரிய பெசோ, வாங்கும்போது சின்ன பெசோ. மொர்ஃபி என்ற ஃபிரான்சிஸ்கன் பாதிரியார் 1778ல் இந்த அக்கிரமத்தை விலாவாரியாக எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

நான் பி.காம். படித்தவன். டெபிட்டும் கிரெடிட்டும் ஒரே நாணயத்தில் இருக்க வேண்டும் என்று யாரும் எனக்கு வகுப்பில் சொல்லித் தரவில்லை. சொல்லித்தர வேண்டிய விஷயம் என்று யாருக்கும் தோன்றியிருக்காது. அதையே ஒருவன் முதலீடாக்கி மூன்று தலைமுறை சாப்பிட்டிருக்கிறான் என்றால், எழுந்து நின்று கும்பிடத்தான் தோன்றுகிறது. அப்புறம்தான் கோபம் வருகிறது.

கோபம் செத்துப்போன வியாபாரிகள் மேல் அல்ல. இந்தப் பாதையை இன்றைக்கு விற்கிறவர்கள் மேல்.

பாதையின் பெயர் 'எல் கமீனோ ரியால் தே தியெரா அதென்த்ரோ'. உள்நாட்டுக்குப் போகும் ராஜபாட்டை என்று அர்த்தம். மெக்ஸிகோ சிட்டியில் கிளம்பி, வெள்ளிச் சுரங்க ஊர்களைத் தொட்டு, சிவாவா பாலைவனத்தைக் கடந்து, ரியோ கிராண்டே ஆற்றோடு வடக்கே ஏறி, சாண்டா ஃபேயையும் தாண்டிப் போகிறது. மொத்தம் சுமார் 2,560 கிலோ மீட்டர். 2000த்தில் அமெரிக்கா தன் பகுதியை 'தேசிய வரலாற்றுப் பாதை' ஆக்கியது. 2010ல் யுனெஸ்கோ மெக்ஸிகோ பகுதியை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. சேர்க்கட்டும், தப்பில்லை. ஆனால் எந்தச் சுற்றுலாக் கையேட்டைப் புரட்டினாலும் ஒரே பல்லவி: பண்பாடுகளை இணைத்த பாதை, இசையும் சமையலும் கைவினையும் கைகோத்து நடந்த பாதை! வாசிக்கும்போது, ஏதோ மூன்று நூறு வருஷம் எல்லோரும் சேர்ந்து பிக்னிக் போன மாதிரி இருக்கிறது.

யார் போட்ட பாதை இது? ஹுவான் தே ஒன்யாதே. ஸகடேகாஸ் வெள்ளியில் கொழித்த குடும்பத்துப் பிள்ளை. 1595ல் அரசப் பிரதிநிதியிடம் ஒப்பந்தம் போட்டுக்கொண்டு, பெரும்பாலும் சொந்தக் காசைப் போட்டுக் கிளம்பினார். 1598ல் எண்பதுக்கு மேற்பட்ட வண்டிகள், சுமார் 7,000 கால்நடைகளோடு வடக்கே வந்து சேர்ந்தார். போட்ட பணத்தை எடுக்க வேண்டும் அல்லவா? வடக்கே இன்னொரு ஸகடேகாஸ் இருக்கும் என்று கணக்குப் போட்டிருந்தார். வெள்ளி கிடைக்கவில்லை. கிடைத்தது, சோளம் விதைத்துக்கொண்டு அடுக்குமாடி மண் வீடுகளில் வாழ்ந்த புவெப்லோ மக்கள்.

அந்தச் சோளத்தில்தான் கை வைத்தார்கள். அதே டிசம்பரில் பாறை உச்சியில் இருக்கும் ஆக்கொமா ஊரில் உணவு கேட்டு ஏற்பட்ட தகராறில், ஒன்யாதேயின் மருமான் உட்படச் சில ஸ்பானியர்கள் கொல்லப்பட்டார்கள். 1599 ஜனவரியில் பதிலடி. சுமார் 800 பேர் செத்தார்கள் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. மிஞ்சியவர்களுக்கு ஒன்யாதே எழுதிய தீர்ப்பு: 25 வயதைத் தாண்டிய ஆண்களுக்கு ஒரு பாதத்தை வெட்டி, 20 வருஷம் அடிமை வேலை. பெண்களுக்கும் 12 வயதைத் தாண்டிய பிள்ளைகளுக்கும் வெட்டு இல்லாமல் 20 வருஷம். 'பாதமில்லை, கால் விரல்கள்தான் வெட்டப்பட்டிருக்கும்' என்று இன்றைக்கும் சிலர் வாதாடுகிறார்கள். ஆஹா, என்ன கருணை!

பின்னால் ஸ்பானிய அரசே 1614ல் ஒன்யாதேவைக் குற்றவாளி என்று சொல்லி, நியூ மெக்ஸிகோவுக்குள் காலெடுத்து வைக்கக்கூடாது என்று விரட்டியது. அவரை அனுப்பிய அரசே விரட்டிய ஆளுக்கு, 20ஆம் நூற்றாண்டில் அல்கால்தே என்ற ஊரில் குதிரை மேல் சிலை வைத்தார்கள். அவர் வந்த 400ஆவது ஆண்டு விழா நெருங்கிய சமயத்தில், யாரோ ராத்திரியோடு ராத்திரியாக அந்தச் சிலையின் வலது பாதத்தை ரம்பம் போட்டு அறுத்துக்கொண்டு போனார்கள். புதுப் பாதம் செய்து ஒட்டினார்கள். 2020 ஜூனில் எதிர்ப்பு வலுத்த பிறகு சிலையையே எடுக்க வேண்டியதாயிற்று. வெட்டுப்பட்ட நிஜக் கால்களுக்கு இப்படி யாரும் புதுசு செய்து ஒட்டியதாகத் தகவல் இல்லை.

'சார், அது போர். நீங்கள் வியாபாரத்தைப் பற்றி அல்லவா பேச வந்தீர்கள்?' என்று நீங்கள் கேட்கலாம். வருகிறேன்.

17ஆம் நூற்றாண்டில் இந்தப் பாதையில் ஒழுங்காக வந்தது மிஷன் வண்டித் தொடர். 1631ல் போட்ட ஏற்பாட்டின்படி மூன்று வருஷத்துக்கு ஒருமுறை 32 வண்டிகள். வர ஆறு மாசம், தங்கிப் பகிர்ந்து கொடுக்க ஆறு மாசம், திரும்ப ஆறு மாசம். வரும்போது மணி, மெழுகு, திராட்சை ரசம், இரும்புச் சாமான். திரும்பும்போது உப்பு, தோல், பைன் கொட்டை, கம்பளி. கூடவே மனிதர்கள். பிடிபட்ட அப்பாச்சிகளைத் தெற்கே பர்ரால் சுரங்கப் பகுதியில் விற்றார்கள். கவர்னர்களே இந்த வியாபாரத்தில் இருந்தார்கள். 1680ல் புவெப்லோக்கள் மொத்தமாகத் திருப்பி அடித்து, ஸ்பானியர்களை இதே பாதையில் எல் பாஸோ வரை ஓட ஓட விரட்டியது சும்மா இல்லை.

பன்னிரண்டே வருஷத்தில் ஸ்பானியர்கள் திரும்பி வந்தார்கள். 1776ல் தொமிங்கெஸ் என்ற பாதிரியார் தாவோஸ் சந்தை நிலவரத்தைப் பட்டியல் போட்டிருக்கிறார். எருமைத் தோல் என்ன விலை, துப்பாக்கி என்ன விலை என்று போய்க்கொண்டிருக்கும் பட்டியலில் நடுவே ஒரு வரி வருகிறது: 12 முதல் 20 வயதுக்குள் இருக்கும் பூர்வகுடிப் பெண் என்றால், இரண்டு நல்ல குதிரையும் கொஞ்சம் துணிமணியும். ஆண் என்றால் விலை குறைவு. முந்தைய வரியிலும் சரி, அடுத்த வரியிலும் சரி, பாதிரியாரின் கை நடுங்கியதாகத் தெரியவில்லை.

இப்போது முழுச் சங்கிலியையும் பாருங்கள். சந்தையில் பெண்ணை வாங்கியவர் பெரும்பாலும் பெரிய பிரபு இல்லை. ஸ்பானிய மொழி பேசிய குடியானவர், ஆட்டுக்காரர். அவரே சிவாவா வியாபாரியிடம் மாட்டிக்கொண்டவர். வெள்ளி பெசோ கடனுக்கு அடுத்த அறுவடையை முன்கூட்டியே எழுதிக் கொடுத்தவர். அந்தச் சிவாவா வியாபாரிக்கு மேலே மெக்ஸிகோ சிட்டிக்காரன் உட்கார்ந்திருந்தான். அவனுக்கு மேலே ஸ்பெயின் ராஜாவின் சட்டம். வெளிநாட்டு சரக்கு வேராக்ரூஸ் துறைமுகத்தில் இறங்கி, அத்தனை கைமாறி, பாலைவனம் தாண்டித்தான் சாண்டா ஃபே வரவேண்டும். பக்கத்திலிருந்த பிரெஞ்சுக்காரன் குறைந்த விலைக்குக் கொண்டுவந்தால்? 1752ல் இரண்டு பிரெஞ்சு வியாபாரிகள் சரக்கோடு வந்தார்கள். சரக்கு பறிமுதல், ஆட்கள் கைது. ஒரே ஒரு பாதைதான் இருக்க வேண்டும், அதன் சுங்கவாசலில் நம்ம ஆள்தான் நிற்க வேண்டும் என்பதற்குப் பெயர் ராஜபாட்டை!

இதற்கு ஆதாரம் வேண்டுமா? 1821ல் மெக்ஸிகோ சுதந்திரம் பெற்றது. அதே நவம்பரில் வில்லியம் பெக்னெல் மிசூரியிலிருந்து கொஞ்சம் சரக்கோடு சாண்டா ஃபேயில் நுழைந்தார். கைது இல்லை, வரவேற்பு. வேறு பாதை திறந்ததும் சிவாவாக்காரர்களின் பிடி தளர்ந்துபோனது. மிசூரி வியாபாரிகளே ராஜபாட்டையில் தெற்கே இறங்கி சிவாவாவுக்கே சரக்கு கொண்டுபோய் விற்றார்கள். அவர்களும் தர்மபிரபுக்கள் இல்லை. 1846ல் அதே வழியில் அமெரிக்க ராணுவம் வந்து நாட்டையே எடுத்துக்கொண்டது, அது வேறு கதை.

'ஆடு, குதிரை, கோதுமை எல்லாம் இந்தப் பாதையில்தானே வந்தது?' வந்தது. ஸ்பானியர்களின் சுரோ ஆடு இல்லாமல் நவஹோ கம்பளி இல்லை, ஒப்புக்கொள்கிறேன். கம்பளியைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து விளக்குப் போடுங்கள். அதை எந்த பெசோவில் வாங்கினார்கள் என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

இந்தப் பாதையிலேயே கொடுமையான துண்டு ஹோர்நாதா தெல் முயெர்தோ. செத்தவனின் பயணம். ஆறு மேற்கே வளைந்து வண்டி போக முடியாத பள்ளத்தாக்கில் நுழைவதால், சுமார் 145 கிலோ மீட்டர் தண்ணீரில்லாத குறுக்குவழியில் போக வேண்டும். செத்தவன் யார்? பெர்னார்டோ க்ரூபர் என்ற ஜெர்மன் வியாபாரி என்கிறார்கள். ஏதோ எழுதிய காகிதத் துண்டுகளைக் கொடுத்து, 'மென்று தின்றால் ஒரு நாள் முழுக்க ஆயுதம் தீண்டாது' என்று சொன்னதற்காக 1668ல் மத விசாரணைக்காரர்கள் பிடித்து வைத்தார்கள். இரண்டு வருஷம் கழித்துத் தப்பி ஓடி, இந்த மணலில் எலும்பாகக் கிடந்தார். உலகத்தின் முதல் அணுகுண்டை 1945 ஜூலை 16ல் வெடித்துப் பார்த்ததும் இதே பாலைவனத்தில்தான்.

இங்கேயே, பாதைக்குப் பக்கத்திலேயே, ஒரு விண்வெளி நிலையம் கட்டியிருக்கிறார்கள். ஸ்பேஸ்போர்ட் அமெரிக்கா. செலவு சுமார் 22 கோடி டாலர், பொதுமக்கள் பணம். அதற்காக டோன்யா ஆனா, சியெரா என்ற இரண்டு மாவட்டங்களில் 2007லும் 2008லும் வாக்கெடுத்து விற்பனை வரி போட்டார்கள். சியெரா வசதியான மாவட்டம் இல்லை. 2021ல் சில நிமிஷம் விண்வெளியை எட்டிப் பார்க்கும் டிக்கெட்டின் விலை 4,50,000 டாலர். பாதையின் கதையைச் சொல்ல 2005ல் ஒரு பாரம்பரிய மையம் திறந்தார்கள் அல்லவா? அதை 2016ல் பட்ஜெட் இல்லை என்று மூடிவிட்டார்கள்.

மையம் வேண்டாம். ரோட்டோரத்தில் ஒரு பலகை போதும். வெள்ளி பெசோ 8, ப்ரொயெக்தோ 6, பழையது 4, நாட்டு பெசோ 2. கீழே தாவோஸ் சந்தை விலை.