நெட் வேண்டாம், டிஷ் வேண்டாம்... காற்றில் வரும் டிவி தென்னேரி வரை வருமா?

“தெரியுதா?”
“இல்ல... இன்னும் கொஞ்சம் லெஃப்ட்ல திருப்பு!”

80, 90களில் வளர்ந்த யாரிடமாவது இந்த இரண்டு வரியைச் சொல்லிப் பாருங்கள், சிரித்துவிடுவார்கள். மொட்டை மாடியில் ஆன்டெனாவைப் பிடித்தபடி அப்பா, கூடத்தில் டிவி முன்னால் அம்மா, நடுவில் மாடிப்படியில் நின்று சேதி கடத்தும் ஒரு வாண்டு. வெள்ளிக்கிழமை ‘ஒளியும் ஒலியும்’ தொடங்குவதற்குள் படம் புள்ளியில்லாமல் வந்தாக வேண்டும்.

அந்த ஆன்டெனாக்கள் எப்போதோ காயலான் கடைக்குப் போய்விட்டன. ஆனால் அவை பிடித்துக் கொடுத்த விஷயம், அதாவது டவரிலிருந்து காற்று வழியாக நேராக வீட்டுக்கு வரும் மாதக் கட்டணமில்லாத டிவி, இப்போது மறுபடியும் பேச்சுக்கு வந்திருக்கிறது. இந்த முறை அது வரப்போவது உங்கள் கையில் இருக்கும் போனுக்கு. பெயர் ‘டைரக்ட் டு மொபைல்’, சுருக்கமாக டி2எம்.

சிம் இல்லாமல், டேட்டா இல்லாமல் போனில் டிவி. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால், அது எந்த ஊர் வரை வரும்? சென்னையில் உட்கார்ந்து கேட்டால் இந்தக் கேள்வியே எழாது. காஞ்சிபுரம் மாவட்டம் தென்னேரியில் நின்று கேட்டுப் பார்ப்போம். வாலாஜாபாத் பக்கம், பெரிய ஏரியைக் கொண்ட ஊர். வடகிழக்குப் பருவமழையில் ஏரி நிரம்பும் நாட்களில், சரியான தகவல் சரியான நேரத்தில் வர வேண்டிய ஊர்.

முதலில், இது என்ன டிவி?

நம் வீட்டுக்கு டிவி வர நான்கு வழிகள் உண்டு. கேபிள், டிஷ், இன்டர்நெட். நான்காவதுதான் பழைய வழி: தரைவழி ஒளிபரப்பு. உயரமான ஒரு டவர் சிக்னலை நாலாபக்கமும் வீசும். ஆன்டெனா வைத்திருப்பவர் பிடித்துக்கொள்வார். பத்து பேர் பார்த்தாலும் பத்து லட்சம் பேர் பார்த்தாலும் டவருக்குச் சுமை ஒன்றுதான். யூடியூப் லைவ் அப்படி இல்லை. பார்ப்பவர் கூடக் கூட நெட்வொர்க் திணறும்.

சென்னையில் இந்த ஒளிபரப்பு தொடங்கியது 1975 ஆகஸ்ட் 15 அன்று. அது அனலாக் காலம். ஓர் அலைவரிசையில் ஒரே ஒரு சேனல். டிஜிட்டலுக்கு மாறினால் அதே இடத்தில் சுமார் பத்து சேனல்களை அடைக்கலாம். டிவிபி-டி2 என்ற டிஜிட்டல் முறையில் 2016 பிப்ரவரியில் தூர்தர்ஷன் 16 நகரங்களில் சேவையைத் தொடங்கியது. அந்தப் பட்டியலில் சென்னையும் உண்டு. உங்களுக்குத் தெரியாமல் போயிருந்தால் ஆச்சரியமில்லை, பெரும்பாலானோருக்குத் தெரியாது.

சென்னை சிக்னல் எவ்வளவு தூரம் போகும்?

இங்கேதான் விஷயம். டிவி அலைகள் ஏறக்குறைய நேர்கோட்டில் போகும். பூமியோ உருண்டை. ஒரு தூரத்துக்குப் பிறகு டவர் அடிவானத்துக்குக் கீழே மறைந்துவிடும்.

ஒரு சின்ன கணக்கு. டவரின் உயரம் 150 மீட்டர், உங்கள் மாடி ஆன்டெனா தரையிலிருந்து 10 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், சிக்னல் எட்டும் அதிகபட்ச தூரம் சுமார் 63 கிலோமீட்டர். கையில் பிடித்திருக்கும் போன் என்றால் 55 கிலோமீட்டர். இது குறுக்கே எதுவும் இல்லாதபோது. நிஜத்தில் அடுக்குமாடிகள், மரங்கள், குன்றுகள் எல்லாம் தங்கள் பங்குக்குக் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும்.

சென்னை தொலைக்காட்சி நிலையம் இருக்கும் சேப்பாக்கத்திலிருந்து தென்னேரி நேர்கோட்டில் ஏறத்தாழ 50 கிலோமீட்டர். விளிம்பில் தொங்குகிறது. உத்திரமேரூர் சுமார் 75 கிலோமீட்டர். எல்லையைத் தாண்டிவிட்டது.

அனலாக் காலத்தில் விளிம்பில் இருந்தாலும் சமாளிக்கலாம். ஆன்டெனாவை உயர்த்தி, ஒரு பூஸ்டர் மாட்டினால் ஈசல் பறக்கிற மாதிரியாவது படம் தெரியும், குரலாவது கேட்கும். டிஜிட்டலில் அந்தச் சலுகை இல்லை. சிக்னல் ஓர் அளவுக்கு மேல் இருந்தால் கண்ணாடி மாதிரி படம். அதற்குக் கொஞ்சம் கீழே போனாலும் கறுப்புத் திரை. அதனால் விளிம்பில் இருக்கும் ஊருக்கு டிஜிட்டல் சில சமயம் அனலாக்கைவிட மோசம்.

இதற்குத்தான் ரிலே

தீர்வு புதிதில்லை. பெரிய டவரின் சிக்னல் எட்டாத இடத்தில் ஒரு சிறிய டவரை நிறுத்தி, அதே நிகழ்ச்சியை வாங்கி மறுபடி ஒளிபரப்புவது. இதுதான் ரிலே. தூர்தர்ஷன் நாடு முழுக்கப் பரவியது இப்படிப்பட்ட குறைந்த சக்தி டிரான்ஸ்மிட்டர்களால்தான்.

ரிலே இல்லையென்றால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே உதாரணம் உண்டு. 80களின் தொடக்கத்தில் சென்னை சிக்னல் தென் மாவட்டங்களை எட்டவில்லை. 1982-ல் தொடங்கிய இலங்கையின் ரூபவாஹினியோ கடல் தாண்டி வந்தது. அதனால் அங்கே பலரும் ஆன்டெனாவை இலங்கைப் பக்கம் திருப்பி வைத்து டிவி பார்த்தார்கள். 1987-ல் கொடைக்கானல் மலையில் உயர்சக்தி டவர் வந்த பிறகுதான் ஆன்டெனாக்கள் இந்தப் பக்கம் திரும்பின. டவர் எங்கே நிற்கிறதோ, அங்கிருந்துதான் ஊருக்குச் சேதி வரும்.

அப்புறம் ஏன் மூடினார்கள்?

ஆளில்லை என்பதுதான் சொல்லப்பட்ட காரணம். கேபிளும் டிஷ்ஷும் வந்த பிறகு ஆன்டெனா வைத்துப் பார்ப்பவர்கள் குறைந்துவிட்டார்கள். பழைய அனலாக் டிரான்ஸ்மிட்டர்களை மூடினால் ஆண்டுக்குச் சுமார் 100 கோடி ரூபாய் மிச்சம், அலைக்கற்றையும் புதிய தொழில்நுட்பங்களுக்குக் கிடைக்கும் என்றது பிரசார் பாரதி. 2022 மார்ச் 31-க்குள், பாதுகாப்பு முக்கியத்துவம் உள்ள சுமார் 50 இடங்களைத் தவிர மற்றவற்றை மூடுவது என்று முடிவானது.

அந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் மூடும் முன்பே டிஜிட்டல் ரிலேக்கள் வந்திருக்க வேண்டும். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், 2017 ஜனவரியில் இதற்கொரு வரைபடமே கொடுத்தது. முதலில் பெருநகரங்கள், அடுத்து பத்து லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ள நகரங்கள், 2023 டிசம்பருக்குள் நாடு முழுக்க டிஜிட்டல். தனியார் சேனல்களையும் தரைவழி ஒளிபரப்பில் அனுமதிக்கலாம் என்றும் பரிந்துரைத்தது. டிஜிட்டல் சேவை சில நகரங்களோடு நின்றது. சிறிய ஊர்களில் பழையது போனது, புதியது வரவில்லை.

சரி, இதனால் எனக்கென்ன நஷ்டம்?

இரண்டு நஷ்டம். ஒன்று சின்னது, ஒன்று பெரியது.

சின்னது கிரிக்கெட். இந்திய அணி ஆடும் முக்கியமான ஆட்டங்களின் சிக்னலை, உரிமம் வாங்கிய தனியார் சேனல் பிரசார் பாரதியோடு பகிர வேண்டும் என்று 2007-ல் சட்டம் வந்தது. அப்படியானால் உங்கள் கேபிளில் வரும் தூர்தர்ஷனில் மேட்ச் ஏன் வருவதில்லை? 2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்புதான் காரணம். அந்த சிக்னலைத் தூர்தர்ஷன் தன்னுடைய தரைவழி ஒளிபரப்பிலும் தன்னுடைய டிஷ் சேவையிலும் மட்டுமே காட்டலாம். தரைவழி போய்விட்டதால் இப்போது மிச்சமிருப்பது டிடி ஃப்ரீ டிஷ் மட்டும். சட்டம் கொடுத்த இரண்டு இலவச வாசலில் ஒன்று, பெரும்பாலான ஊர்களில் அடைபட்டுவிட்டது.

பெரியது, பேரிடர். 2015 டிசம்பர் வெள்ளம், 2016 டிசம்பர் 12 வர்தா புயல், 2023 டிசம்பர் மிக்ஜாம். மூன்றிலும் நடந்தது நினைவிருக்கும்: முதலில் கரண்ட் போகும், கொஞ்ச நேரத்தில் போனில் டவர் போகும். ‘ஏரி உடைஞ்சிடுச்சாம்’ என்று ஒரு வாட்ஸ்அப் ஃபார்வர்டு வந்தால், அது உண்மையா என்று பார்க்க வழியிருக்காது.

அதற்குத்தான் வேறு வழிகள் இருக்கே?

இருக்கு. ஒவ்வொன்றும் எங்கே அறுகிறது என்று பாருங்கள்.

கேபிள்: மரம் விழுந்தால் ஒயரும் விழும்.

டிஷ்: ஃப்ரீ டிஷ்ஷுக்கு மாதக் கட்டணம் கிடையாது, 2004 முதல் இருக்கிறது, கோடிக்கணக்கான வீடுகளில் ஓடுகிறது. ஆனால் டிஷ்ஷுக்கு வரும் அலையின் நீளம் இரண்டரை சென்டிமீட்டர் அளவுதான். கனமழையின் பெரிய துளிகள் அதைத் தின்றுவிடும். தரைவழி டிவி அலையின் நீளம் அரை மீட்டருக்கும் மேல். மழையை அது கண்டுகொள்வதே இல்லை. மழை வலுக்கும்போது, அதாவது செய்தி அதிகம் தேவைப்படும்போது, டிஷ்தான் முதலில் ‘நோ சிக்னல்’ காட்டும்.

போன்: 2023-ல் நம் எல்லோருடைய போனும் ஒரே நேரத்தில் அலறி, அவசர எச்சரிக்கை சோதனைச் செய்தி வந்ததே, அது நல்ல ஏற்பாடு. ஆனால் அதற்கும் பக்கத்தில் இருக்கும் மொபைல் டவர் உயிரோடு இருக்க வேண்டும். ஒரு மாவட்டத்தில் நூற்றுக்கணக்கான மொபைல் டவர்களுக்கு டீசல் ஊற்றிக்கொண்டே இருப்பதைவிட, ஒரு சில ஒளிபரப்பு டவர்களை ஓடவைப்பது சுலபம்.

டி2எம் இதையெல்லாம் தீர்க்குமா?

தீர்க்கலாம். பிரசார் பாரதியும் ஐஐடி கான்பூரும் சேர்ந்து இதைச் சோதித்து வருகின்றன. பெங்களூரு, டெல்லி, நொய்டாவில் முன்னோட்டங்கள் நடந்தன. 19 நகரங்களில் சோதனை நடத்தப்போவதாக 2024 ஜனவரியில் மத்திய தகவல் ஒலிபரப்புத் துறைச் செயலாளர் சொன்னார். 2025 மே மாதம் மும்பையில் நடந்த வேவ்ஸ் மாநாட்டையொட்டி, ஹெச்எம்டி, லாவா நிறுவனங்களின் டி2எம் போன்கள் அறிவிக்கப்பட்டன.

இப்போது உங்கள் கையில் இருக்கும் போனில் இது வராது. தனி சிப் வேண்டும். அதனால் விலை கூடும், பேட்டரி தீரும் என்பது போன் மற்றும் சிப் நிறுவனங்களின் கவலை. வீடியோ பார்ப்பவர்கள் டேட்டாவை விட்டு இந்தப் பக்கம் போய்விட்டால் வருமானம் அடிபடும் என்பது டெலிகாம் நிறுவனங்களின் கவலை.

தென்னேரியின் கவலை வேறு. பட்டியலில் இருப்பவை எல்லாம் நகரங்கள். மாடி ஆன்டெனாவுக்கே விளிம்பில் இருக்கும் ஊரில், போனுக்குள் இருக்கும் குட்டி ஆன்டெனா எதைப் பிடிக்கும்? அதுவும் வீட்டுக்குள்ளே? போனில் ஒழுங்காகத் தெரிய வேண்டுமானால் பழைய டிவி காலத்தைவிட அதிக ரிலேக்கள் வேண்டும். சென்னை டவர் ஒன்றை வைத்து ‘காஞ்சிபுரம் மாவட்டத்துக்கும் சேவை வந்துவிட்டது’ என்று வரைபடத்தில் வண்ணம் பூசிவிட முடியாது.

பிரிட்டன் செய்த ஒரு காரியம்

2012 அக்டோபரில் அனலாக்கை முழுதாக மூடிய பிரிட்டனில், டிஜிட்டல் டிவிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட டவர்கள் உள்ளன. அதில் பெரியவை சுமார் 80 மட்டுமே. மீதி எல்லாம் பள்ளத்தாக்குக்கும் சிற்றூருக்கும் நிறுத்திய ரிலேக்கள். பிபிசி போன்ற பொதுச் சேவைச் சேனல்கள் 98.5 சதவீத வீடுகளை எட்டியாக வேண்டும் என்று விதி. வணிகச் சேனல்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அவை சுமார் 90 சதவீதத்தோடு நின்றுகொண்டன. கடைசிச் சில வீடுகளுக்காக டவர் நிறுத்தினால் லாபம் வராது என்பது அவர்கள் கணக்கு.

அந்த 90-க்கும் 98.5-க்கும் நடுவில் இருப்பவைதான் நம்ம ஊர் தென்னேரிகள். சந்தையிடம் விட்டால் வராது, விதி போட்டால் வரும்.

இப்படி ஒரு விதியைக் கேட்க நமக்கு உரிமை இருக்கிறதா? இருக்கிறது. அலைக்கற்றை பொதுமக்களின் சொத்து என்று 1995 பிப்ரவரியிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. டி2எம் சேவைக்கு உரிமம் கொடுக்கும் நாளில் கேட்க வேண்டிய கேள்வி, எத்தனை சேனல் வரும் என்பது இல்லை. எத்தனை ஊருக்கு, எந்தத் தேதிக்குள், ரிலே யார் செலவில் என்பதுதான்.

இந்த மழைக்கு என்ன செய்யலாம்?

அதுவரை காத்திருக்க மழைக்குப் பொறுமை கிடையாது. உங்கள் போனில் எஃப்எம் ரேடியோ இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். அந்த வசதியை முடக்க வேண்டாம் என்று 2023-ல் மத்திய அரசே போன் நிறுவனங்களைக் கேட்டுக்கொண்டது. ஒயர் உள்ள ஹெட்போனைச் செருகினால் அந்த ஒயர்தான் ஆன்டெனா, நெட் தேவையில்லை. போனில் இல்லையென்றால், பேட்டரியில் ஓடும் சின்ன ரேடியோ ஒன்றை வாங்கி வையுங்கள். ஊரில் அப்பா அம்மா தனியாக இருந்தால், அவர்கள் வீட்டுக்குள் எந்த நிலையம் தெளிவாகக் கேட்கிறது என்பதை வெயில் அடிக்கும் நாளிலேயே சோதித்துவிடுங்கள்.

ஏரி நிரம்பும் ராத்திரியில் மாடியில் ஏறி, “தெரியுதா?” என்று யாரும் கத்திக்கொண்டிருக்க முடியாது.