இரண்டு ஆணிகளும் ஒரு மிளகாய்க் கன்றும்

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது நம் முன்னோர் வாக்கு. ஏழாந் தரத்திற் பயிலும் எம் தமக்கையின் மகள், மின்னோட்டத்தைப் பற்றி ஏட்டிற் படித்ததைத் தன் தாயின் மிளகாய்க் கன்றுக்கு உதவச் செய்த கதையை இவ்வாரம் வாசகர்களுக்குச் சொல்ல விரும்புகின்றோம்.

அவள் கையாண்ட கருவியின் பெயர் மைக்ரோபிட். உள்ளங்கையில் அடங்கும் சிறு கணினி அது. 2016ஆம் ஆண்டில் பி.பி.சி. நிறுவனம் பிரித்தானியாவிலே பதினொரு, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் ஏறக்குறைய 10 இலட்சம் பேருக்கு இதனை இலவசமாக வழங்கிற்று. முகப்பில் 25 நுண்விளக்குகளும் இரண்டு பொத்தான்களும் உள. பெரிய கணினியிற் செய்நிரல் எழுதி இதற்குள் அனுப்பிவிட்டால், இரண்டு சிறு மின்கலங்களின் வலுவில் இது தானே இயங்கும்.

ஈரமண் மின்னோட்டத்தை எளிதிற் கடத்தும். காய்ந்த மண் தடுக்கும். இதுவே முயற்சியின் அடிப்படை. சாடி மண்ணில் இரண்டு ஆணிகளை இடைவெளி விட்டு ஊன்றி, ஒன்றைக் கருவியின் 3 வோல்ற்று முனையோடும் மற்றதைப் பூச்சிய இலக்க முனையோடும் கம்பியால் இணைத்தாள். அம்முனை பெறும் மின்னழுத்தத்தைக் கருவி 0 முதல் 1023 வரையுள்ள ஓர் எண்ணாகக் காட்டும்.

ஆனால், எவ்வளவு நீர் வார்த்தும் எண் அசையவில்லை. பொறுமையிழந்த நாம் கையை நீட்டினோம். "தொடாதேங்கோ மாமா, நானே பாக்கிறன்" என்றாள். அரைமணி நேரந் தேடிய பின்னர், கவ்வி ஒன்று கம்பியின் உலோகத்தை விட்டு மேலுறையைக் கவ்வியிருந்ததைத் தானே கண்டுபிடித்தாள். அப்போது அவள் முகத்தில் மலர்ந்த ஒளியை நாம் பறித்துக்கொள்ள இருந்தோமே என வெட்கினோம்.

சில நாட்களில் வேறொரு சிக்கல் தோன்றியது. நேர்முனையோடு இணைந்த ஆணி அரிக்கப்பட்டிருந்தது. ஈரமண்ணில் இடைவிடாது மின்னோட்டம் பாய்ந்தால் அவ்வாணியின் உலோகம் சிறிது சிறிதாகக் கரையும். எனவே அதனை 3 வோல்ற்று முனையிலிருந்து நீக்கி வேறொரு முனையில் இணைத்து, அளக்கும் கணத்தில் மட்டும் மின் பாயுமாறு செய்நிரலைத் திருத்தினாள்.

இறுதியாக ஒரு கேள்வி எஞ்சியது: எந்த எண்ணில் நீர் வார்ப்பது? அதனைக் கருவி சொல்லாது. தாயை அழைத்து மண்ணிலே விரலை வைக்கச் சொன்னாள். "இப்ப தண்ணி விடவேணும்" என்று தாய் சொன்ன வேளையில் தோன்றிய எண்ணைக் குறித்துக்கொண்டாள். பல்லாண்டு அனுபவமுள்ள விரலே புதுக் கருவிக்கு ஆசானாயிற்று.

பெற்றோரே! பிள்ளை ஏதேனும் செய்யுங்கால் பிழை நேரும், நேரத்தான் வேண்டும். அதனை நாம் விரைந்து திருத்திவிட்டால், கருவி இயங்கும், கல்வி நின்றுவிடும். ஓய்வுநாளொன்றில் ஒரு சாடியையும் இரண்டு ஆணிகளையும் கொடுத்துவிட்டு அருகே அமர்ந்திருங்கள். கைகள் மட்டும் உங்கள் மடியில் இருக்கட்டும்.