சபைக்குப் போவோம், கணக்குக் கேட்போம்!

குழாயில் தண்ணீர் வரவில்லை. தெரு விளக்கு எரியவில்லை. சாக்கடை வாசலில் தேங்கிக் கிடக்கிறது. சுடுகாட்டுக்குப் பாதையில்லாமல் பிணத்தை வரப்பின் மேல் தூக்கிச் செல்ல வேண்டியிருக்கிறது. மில் லயன்களிலும் சேரிகளிலும் வாழும் உழைப்பாளி மக்களுக்கு இவை பழகிப்போன சங்கதிகள். பழகிப்போனதுதான் ஆபத்து!

"கூலிப் பிரச்சினை இருக்கும்போது குழாய்ப் பிரச்சினை எதற்கு?" என்று நம் தோழர்களிலேயே சிலர் கேட்கிறார்கள். இது தவறான வாதம். இரண்டு குடம் தண்ணீருக்காக ஒரு தாய் இரண்டு மணி நேரம் காத்து நின்றால், அது அவருடைய உறக்கத்திலிருந்து பறிக்கப்பட்ட நேரம். வேலைநிறுத்தம் செய்து வாங்கிய கூலி உயர்வு, சாக்கடைக் கொசு தந்த காய்ச்சலுக்கு மருந்துக் கடையில் போய்ச் சேருகிறது. ஆலை வாசலில் ஜெயித்ததைத் தெருவில் தோற்கலாமா?

இதற்கு வழி என்ன? மகஜர் கொடுப்பதும் ஊர்வலம் போவதும் அவசியமே. ஆனால் சட்டம் நம் கையில் தந்திருக்கும் ஓர் ஆயுதத்தை நாம் துருப்பிடிக்க விட்டிருக்கிறோம். அதுதான் கிராம சபை.

1992-ஆம் ஆண்டின் 73-வது அரசியல் சட்டத் திருத்தமும், 1994-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டமும் இதற்கு அடிப்படை. வாக்காளர் பட்டியலில் பெயருள்ள ஒவ்வொருவரும் கிராம சபையின் உறுப்பினர். ஊராட்சியின் திட்டமும் வரவு செலவும் இந்தச் சபையின் ஒப்புதலுக்கு வர வேண்டும். தணிக்கை அறிக்கையும் இங்கே வைக்கப்பட வேண்டும். குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி ஆகிய நான்கு நாட்களில் கூடிவந்த சபைக்கு, 2022-இல் மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய நாட்களும் சேர்க்கப்பட்டன.

நடப்பது என்ன? பல ஊர்களில் பத்துப் பதினைந்து பேர் கூடுகிறார்கள். வேலைத் தளத்திலிருந்து பெண்களை அழைத்து வந்து உட்கார வைத்து எண்ணிக்கையைச் சரிக்கட்டுகிறார்கள். தீர்மானப் புத்தகம் பிறகு வீடு வீடாகக் கையெழுத்துக்கு வருகிறது. நாம் இல்லாத இடத்தில் நம் பேரால் தீர்மானம்! ரோடு எந்தத் தெருவுக்கு, தொட்டி எந்தப் பக்கம் என்பதைக் காண்டிராக்டரும் பெரிய மனிதர்களும் முடிவு செய்கிறார்கள்.

இந்த உரிமை சும்மா கிடைத்ததல்ல. தாழ்த்தப்பட்ட மக்களுக்கு ஒதுக்கப்பட்ட தலைவர் நாற்காலியில் உட்கார்ந்த குற்றத்துக்காக, மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசன் 1997 ஜூன் 30 அன்று படுகொலை செய்யப்பட்டார். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய ஊர்களில் 1996 முதல் பத்தாண்டுக் காலம் ஆதிக்க சாதியினர் முறையான தேர்தலே நடக்கவிடவில்லை. 2006-இல்தான் அது நடந்தது. ஊராட்சி அற்ப விஷயம் என்றால் ஆதிக்கவாதிகள் அதற்காக ஏன் கொலை வரை போகிறார்கள்? அதன் மதிப்பை அவர்கள் அறிந்திருக்கிறார்கள். நாமும் அறிய வேண்டாமா?

சர்க்கார்களின் லட்சணத்தையும் பார்த்தோம். 2016 அக்டோபரில் ஸ்தல ஸ்தாபனங்களின் பதவிக்காலம் முடிந்தது. 2019 டிசம்பர் வரை தேர்தல் இல்லை. 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு 28 மாவட்டங்களில் மீண்டும் தனி அலுவலர் ஆட்சி வந்தது. 2020 அக்டோபர் 2-ஆம் தேதிக் கூட்டம் கொரோனாவின் பேரால் நிறுத்தப்பட்டது. கூட்டத்தைத் தள்ளிவைக்கலாம், கிராம சபையைக் கலைக்க முடியாது. அது தேர்ந்தெடுக்கப்பட்ட சபை அல்ல. மக்களே அந்தச் சபை. மன்றம் இல்லாத காலத்தில்தான் அதற்கு வேலை அதிகம்.

நகரத்து மில் தொழிலாளிக்கும் இதில் பங்குண்டு. 2022 நவம்பர் முதல் நகரங்களில் வார்டு பகுதி சபைகள் கூடத் தொடங்கின. கிராம சபை கூடும் ஆறு நாட்களில் நான்கு, 1958-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆலைத் தொழிலாளிக்குச் சம்பளத்தோடு கூடிய விடுமுறை என்பதையும் மறக்க வேண்டாம். ஊரிலிருந்து ஷிப்டுக்குப் போய்வரும் தொழிலாளி அன்று வீட்டில்தான் இருக்கிறார். விவசாயத் தொழிலாளிக்கோ சபைக்குப் போனால் அன்றைய கூலி போய்விடும். ஆகவே முன்னால் நிற்க வேண்டிய பொறுப்பு ஆலைத் தொழிலாளிக்கே அதிகம்.

நம் குறையையும் ஒப்புக்கொள்வோம். மே தினத்தன்று காலையில் கொடியேற்றி, மிட்டாய் கொடுத்து, முழக்கமிட்டுக் கலைந்து விடுகிறோம். அதே நேரத்தில் பள்ளிக்கூடத் திண்ணையில் சபை நடக்கிறது. கொடிக் கம்பத்திலிருந்து அந்தத் திண்ணைக்கு எத்தனை அடி தூரம்? அந்தத் தூரத்தை நாம் நடக்கவில்லை.

இனி நடப்போம். சபைக்கு ஒரு வாரம் முன்பே தெருத் தெருவாகச் சென்று குறைகளைக் கேட்டு எழுதுங்கள். பெண்களைப் பேசச் சொல்லுங்கள். தண்ணீர்க் கணக்கு அவர்களுக்குத்தான் தெரியும். சபையில் வரவு செலவை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். தீர்மானத்தின் நகலைக் கேட்டு வாங்குங்கள். அடுத்த சபை வரை வட்டார வளர்ச்சி அலுவலரை விடாதீர்கள்.

குழாயில் தண்ணீர் வந்துவிட்டால் சமுதாயம் மாறிவிடாது. ஆனால் சேரி ஜனங்களும் லயன் ஜனங்களும் ஒன்றாக எழுந்து நின்று "கணக்கு எங்கே?" என்று கேட்கும் நாளில், ஊரில் ஒன்று நிச்சயம் மாறும். யார் கேட்பவர், யார் பதில் சொல்பவர் என்பது மாறும். அந்த மாற்றத்தை அடுத்த சபையிலேயே தொடங்குவோம், தோழர்களே!