கற்றல் இடர்ப்பாடும் தோட்டத்து மாணவனும்

1896 ஆம் ஆண்டிலே, இங்கிலாந்தின் தென்கரையிலுள்ள சீபோர்டு என்னும் ஊரில் வைத்தியராயிருந்த பிரிங்கிள் மோர்கன் என்பார், பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றி அந்நாட்டு மருத்துவ இதழில் ஒரு சிறு குறிப்பு வெளியிட்டார். சிறுவன் அறிவுக் கூர்மை உடையவன், கணக்கில் வல்லவன், கண்ணிலே குறையொன்றும் இல்லை. ஏழு வயது முதலாகக் கற்பித்தும் எழுத்துக்கூட்டி வாசிக்க அவனால் இயலவில்லை. பாடமெல்லாம் வாய்மொழியாகவே நடைபெறுமாயின் பள்ளியிலே இவனே முதல்வனாவான் என்று அவனுடைய உபாத்தியாயர் கூறினாராம். டிஸ்லெக்சியா என்று இன்று வழங்கும் வாசிப்பு இடர்ப்பாட்டைப் பற்றிய ஆராய்ச்சியில், இன்றளவும் எடுத்துப் பேசப்படும் குறிப்பு இது.

வாசிப்பிலும் எழுத்திலும் கணக்கிலும் தோன்றும் இத்தகைய தடைகளைக் குறிப்பிட்ட கற்றல் இடர்ப்பாடுகள் என்பர். புதிதாய்ச் சேரும் மாணவருள் இவை உடையாரை முதற்கண் இனங்காணும் சோதனை மேனாட்டுப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் வழக்கமாகி விட்டது. நம் நாட்டுக்கும் அது வேண்டுவதே. எனினும் அதனை அப்படியே இறக்குமதி செய்வோமாயின் யார் அகப்படுவர், யார் நழுவிப் போவர் என்பதை அறிய, ருவான்வெல்லைப் பகுதிக்குச் சென்று பார்த்தல் நலம்.

அவிசாவளையிலிருந்து கேகாலைக்குச் செல்லும் வழியில், இறப்பர் மரங்களின் நிழலிலே லயன்கள் வரிசை வரிசையாய்க் கிடக்கும் நாடு அது. 1945 இல் இலங்கைக்கு இலவசக் கல்வி வந்தது. தோட்டப் பாடசாலைகளோ 1970 களிலேதான் அரசாங்கத்தின் கைக்கு வரத் தொடங்கின. விடியற்காலையிலே பால் வெட்டப் போகும் தாய் தந்தையரின் மகன் ஒருவன், இத்தனை பின்தங்கிய தொடக்கத்தையும் கடந்து, தமிழில் உயர்தரப் பரீட்சை எழுதிப் பல்கலைக்கழகம் புகுகிறான் என்று வைத்துக் கொள்வோம். அவனுக்கு வாசிப்பு இடர்ப்பாடும் உண்டெனக் கொள்வோம். இவ்வளவு தூரம் எப்படி வந்தான்? பெரும்பாலும் காதினாலே வந்திருப்பான். ஆசிரியர் சொல்லச் சொல்லக் கேட்டு மனத்திலே பதித்திருப்பான், தங்கை உரக்கப் படிக்கையில் உடனிருந்து கேட்டிருப்பான், விடைகளை உருப்போட்டிருப்பான். நிகண்டையும் சதகத்தையும் செவிவழியே ஏற்றிய நம் பழைய திண்ணைப் பள்ளிக்கூடத்திலே இவன் நல்ல மாணாக்கன் என்று பெயர் எடுத்திருப்பான்!

பல்கலைக்கழகத்திலே அந்தக் காதின் துணை முறிந்து விடுகிறது. சபரகமுவ மாகாணத்திற்கென 1995 இல் பெலிஹுல் ஓயாவில் நிறுவப்பட்ட பல்கலைக்கழகத்திலும், பிறவற்றிலும், பல பட்டப் படிப்புகள் ஆங்கிலத்திலேயே நடைபெறுகின்றன. வாரத்திற்கு நூறு பக்கம் தானே வாசித்துக் கொள்ள வேண்டும். அவன் திணறுகிறான். “ஆங்கிலம் போதாது” என்கிறார் ஒரு விரிவுரையாளர். “தோட்டத்துப் பையன், அடிப்படை சரியில்லை” என்கிறார் மற்றொருவர். இரண்டும் உண்மையாயிருக்கலாம்; தோட்டத்திலிருந்து வரும் பலருக்கு அவ்வளவே காரணமாகவும் இருக்கலாம். ஆனால் அவ்விரண்டு காரணங்களின் மறைவிலே மூன்றாவது காரணம் ஒன்று பட்டப் படிப்புக் காலம் முழுவதும் யார் கண்ணுக்கும் படாமல் இருந்து விட முடியும்.

ஆங்கிலத்தில் அமைந்த சோதனையை அவன் கையிலே கொடுத்துப் பயனில்லை. அது அவனுடைய ஆங்கிலத்தை அளக்குமேயன்றி இடர்ப்பாட்டை அளக்காது. ஆங்கிலச் சோதனையை வெறுமனே மொழிபெயர்த்துக் கொடுப்பதும் போதாது. எழுத்துக்கும் ஒலிக்கும் ஒழுங்கான தொடர்புள்ள ஜெர்மன் போன்ற மொழிகளிலே, இடர்ப்பாடு உடையவர்கள் பிழையாக வாசிப்பது குறைவு. மிக மெதுவாக வாசிப்பதே அவர்களின் அடையாளம் என்று ஆராய்ச்சியாளர் கண்டிருக்கின்றனர். தமிழிலும் அவ்வாறே இருக்கும் என்பது எம் ஊகம். பிழைகளை எண்ணுவதோடு நின்று விடும் சோதனை இவனைத் தேறியவன் என்று அனுப்பி விடும். லகர ளகர ழகரத் தடுமாற்றமோ பேச்சு வழக்கின் காரணமாக நம்மில் அநேகருக்கு உள்ளது. அதைக் கொண்டு ஒருவனுக்கு நோயின் பெயர் சூட்டுவதும் தகாது.

இதனினும் பெரிய தடை வரைவிலக்கணத்திலேயே இருக்கிறது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013 இல் வெளியிட்ட கைந்நூல், போதிய கற்பித்தல் இன்மையாலோ பயிற்று மொழியில் தேர்ச்சி இன்மையாலோ விளையும் தடையைக் கற்றல் இடர்ப்பாடு என்று கொள்ளலாகாது என்கிறது. கருத்து நியாயமானதே. ஆயினும் அதன் விளைவை நோக்குக. கொழும்பிலே நல்ல பாடசாலையில் படித்த பிள்ளைக்கு இடர்ப்பாடு என்னும் சான்றிதழ் எளிதிற் கிட்டும். ஆசிரியர் பற்றாக்குறையோடு படித்த தோட்டத்துப் பிள்ளைக்கு அவன் வறுமையே மறுப்புக் காரணமாகி விடும். உதவி மிகுதியும் வேண்டியவன் எவனோ அவனையே வாயிலில் நிறுத்துகிறது அவ்விலக்கணம்.

சட்டமும் துணைக்கு வரவில்லை. வலுவிழந்தோர் உரிமைகளுக்கென 1996 இல் இயற்றப்பட்ட 28 ஆம் இலக்கச் சட்டம், வாழ்க்கைத் தேவைகளைத் தானே முற்றாகவோ ஓரளவோ நிறைவு செய்து கொள்ள இயலாதவரையே வலுவிழந்தவர் என வரையறுத்தது. உண்டு உடுத்து, பேருந்தேறி விரிவுரைக்கு வரும் இளைஞன் அதற்குள் எவ்வாறு அடங்குவான்? அயல்நாடாகிய இந்தியா 2016 ஆம் ஆண்டுச் சட்டத்திலே இவ்விடர்ப்பாடுகளைப் பெயர் சுட்டிச் சேர்த்து விட்டது.

அதே கைந்நூலில் மற்றொரு விதியும் உண்டு: உரிய உதவி அளித்த பின்னும் ஆறு மாதமாயினும் தடை நீடித்திருக்க வேண்டும் என்பது. நம்மவர் பற்றிக் கொள்ள வேண்டிய விதி இதுவே. ஒருவன் முன்பு எப்படிக் கற்பிக்கப்பட்டான் என்று ஆராய்ந்து கொண்டிராமல், இப்பொழுது நன்றாகக் கற்பித்துப் பார்க்கலாமே. புது மாணவருக்கு ஆங்கிலப் பயிற்சி நடக்கும் முதல் வாரங்களிலேயே, தமிழ் மாணவருக்குத் தமிழிலும் சிங்கள மாணவருக்குச் சிங்களத்திலும் ஒரு பந்தியை நேரங்கணித்து உரக்க வாசிக்கச் செய்யலாம். பொருளில்லாச் சொற்கள் சிலவற்றை வாசிப்பித்தும், சொல்வதெழுதச் செய்தும் பார்க்கலாம். அரை மணி நேர வேலை. பின்தங்கியவர்க்கு ஆறு மாதம் சிறு குழுவாக வாசிப்புப் பயிற்சி அளித்து, மறுபடியும் அளந்து பார்த்தால், ஆங்கிலம் மட்டும் போதாதவன் பெரும்பாலும் முன்னேறியிருப்பான். தாய்மொழியிலும் ஊர்ந்து கொண்டே இருப்பவனுக்குப் பரீட்சையில் மேலதிக நேரமும், விரிவுரையின் ஒலிப்பதிவும், நூலை உரக்க வாசித்துக் காட்டும் கணினியும் வேண்டும். இவற்றைக் கொடுக்க மனமில்லாத பல்கலைக்கழகம் சோதனையையும் நடத்தாதிருப்பதே மேல். தோட்டத்தான் என்ற பெயரோடு வந்தவனுக்கு இன்னொரு பெயரையும் சூட்டி அனுப்ப வேண்டியதில்லை.