முடியை வெட்டாதீங்க, சீவி விடுங்க

சென்னையில வேலை பாக்குற மகன், வாடகை வீட்டுல வச்சுக்க முடியலைன்னு போன வருசம் ஒரு கோல்டன் ரெட்ரீவர் நாயைத் தோட்டத்துல விட்டுட்டுப் போனான். பொன் நிறம், வால்ல தொங்குற முடி. ஊரே வந்து பார்த்துச்சு.

சித்திரை வெயில்ல அது இரைக்கிறதைப் பார்த்து மனசு கேக்காம, கத்திரியால ஒட்ட வெட்டி விட்டேன். நான் செஞ்ச தப்பு அது. பத்து நாள்ல முதுகுத் தோல் சிவந்து போச்சு. கால்நடை டாக்டர் நல்லா திட்டினார். ஸ்காட்லாந்துல, சுட்ட பறவையைத் தண்ணிக்குள்ள போய் எடுத்து வர்றதுக்காக 19ஆம் நூற்றாண்டில் உருவாக்கின இனம் இது. முடி ரெண்டு அடுக்கு. மேல்முடிதான் வெயில் தோல்ல படாம காக்குது. உதிர்ந்து நிக்கிற அடிமுடியைச் சீவி எடுத்தாலே காத்து உள்ள போகுமாம்.

இப்ப தினமும் சாயந்தரம் மாடு கட்டினதும் கால் மணி நேரம் சீவுறேன். காதுக்குப் பின்னால, தொடை இடுக்குல, வால் அடியிலதான் சடை விழுது. நாயுருவி முள்ளும் உண்ணியும் அங்கதான் ஒளியுது. குளிப்பாட்டினா அடிமுடி வரைக்கும் காய வைக்கணும்.

இது அழகு பாக்குற வேலை இல்லைங்க, மாட்டுக்குத் தண்ணி காட்டுற மாதிரி அன்றாட வேலை. அதுக்கு நேரம் இல்லாதவங்க சிப்பிப்பாறையோ கோம்பையோ வளர்க்கலாம். குட்டை முடி, நம்ம வெயிலுக்குப் பழகினது.

மகன் போன்ல, "போட்டோ அனுப்புங்கப்பா"ங்கிறான். வந்து ஒரு நாள் சீவிட்டுப் போடான்னு சொல்லியிருக்கேன்.