கேட்க ஆளில்லாத பாட்டு... 25,742 பவுண்டுக்கு விலைபோன கதை!

ரசிகர் உலகம் - வாரத் தொடர்

ஏழு அங்குலத்தில் ஒரு கறுப்பு இசைத்தட்டு. பக்கத்துக்கு ஒரு பாட்டு. மூன்று நிமிடம்கூட ஓடாது. 2009-ம் ஆண்டு இங்கிலாந்தில் அது விற்பனைக்கு வந்தபோது, முகம் காட்டாத ஒரு சேகரிப்பாளர் 25,742 பவுண்டு கொடுத்து வாங்கினார்.

பாடியவர் பெரிய நட்சத்திரமா? இல்லை. பாட்டு அந்தக் காலத்தில் பட்டிதொட்டியெல்லாம் ஒலித்ததா? அதுவும் இல்லை. சொல்லப்போனால், பதிவான காலத்தில் அந்தப் பாட்டு கடைக்கே வரவில்லை!

அப்புறம் எதற்கு இவ்வளவு விலை? பதில் அமெரிக்காவில் இல்லை. இங்கிலாந்தின் வட பகுதியில், பஞ்சாலைகளும் நிலக்கரிச் சுரங்கங்களும் சூழ்ந்த ஊர்களில் விடிய விடிய ஆடிய இளைஞர்களிடம் இருக்கிறது.

குப்பைக்குப் போன தட்டு

பாட்டின் பெயர் 'டூ ஐ லவ் யூ (இன்டீட் ஐ டூ)'. பாடியவர் ஃபிராங்க் வில்சன். 1965-ம் ஆண்டு, புகழ்பெற்ற மோடவுன் நிறுவனத்துக்காகப் பாடினார். வானொலி நிலையங்களுக்கு அனுப்புவதற்காகச் சுமார் 250 மாதிரித் தட்டுகள் அச்சாகின என்பார்கள். அதற்குள் மனம் மாறிவிட்டது. வில்சன் பாடகராக வேண்டாம், பாட்டு எழுதித் தயாரிப்பவராகவே இருக்கட்டும் என்று முடிவானது. தட்டுகள் குப்பைக்குப் போயின. தப்பிப் பிழைத்தவற்றைக் கைவிரல்களால் எண்ணிவிடலாம்.

வில்சன் அதற்காக உடைந்துபோகவில்லை. சுப்ரீம்ஸ், ஃபோர் டாப்ஸ் போன்ற குழுக்களுக்கு வெற்றிப் பாடல்களைத் தயாரித்தார். பிறகு இசைத்துறையை விட்டு விலகி, கிறிஸ்தவப் போதகரானார். 2012-ல் காலமானார். அவர் கைவிட்ட பாட்டோ, கடல் கடந்து இன்னொரு வாழ்க்கையைத் தொடங்கியிருந்தது.

'வடக்கத்தி' இசை

அமெரிக்கக் கறுப்பின மக்களின் தேவாலயப் பாட்டும், ரிதம் அண்ட் ப்ளூஸ் இசையும் கலந்து பிறந்ததுதான் 'சோல்' இசை. 1960-களில் டெட்ராய்ட் நகரத்து மோடவுன் அதை உலகம் முழுக்கக் கொண்டுசேர்த்தது. அந்த வெற்றியைப் பார்த்து டெட்ராய்ட், சிகாகோ, ஃபிலடெல்ஃபியா என்று ஊர் ஊராகக் குட்டி நிறுவனங்கள் முளைத்தன. நல்ல பாட்டு இருந்தது. நல்ல குரல் இருந்தது. விளம்பரத்துக்குத்தான் காசு இல்லை. சில நூறோ, சில ஆயிரமோ தட்டுகள் அச்சாகும். வானொலியில் வராது. கிடங்கில் தூசி படியும். அவ்வளவுதான்.

1960-களின் இறுதியில் அமெரிக்க ரசனை 'ஃபங்க்' பக்கம் திரும்பியது. லண்டனும் கூடவே திரும்பியது. வடக்கு மட்டும் திரும்பவில்லை. மான்செஸ்டரின் 'ட்விஸ்டட் வீல்' கிளப்பில், அதே பழைய வேகத் தாளம்தான் வேண்டும் என்று இளைஞர்கள் அடம்பிடித்தார்கள்.

லண்டனில் 'சோல் சிட்டி' என்ற இசைத்தட்டுக் கடையை நடத்திவந்தார் பத்திரிகையாளர் டேவ் காடின். கால்பந்துப் போட்டி பார்க்க லண்டன் வரும் வடக்கு ஊர்ப் பையன்கள் அப்படியே இவர் கடைக்கும் வருவார்கள். புதுசு எதுவும் வேண்டாம், பழைய வேகப்பாட்டு இருக்கிறதா என்பார்கள். அவர்களுக்கு எதை எடுத்துக் காட்டுவது என்று கடை ஊழியர்களுக்குப் புரிய, காடின் ஒரு பெயர் வைத்தார்: 'நார்தர்ன் சோல்'. வியாபார வசதிக்கு வைத்த பெயர், ஒரு தலைமுறையின் அடையாளமாகவே மாறியது.

டால்கம் பவுடர் தூவிய தரை

ட்விஸ்டட் வீல் 1971-ல் மூடப்பட்டது. அதன் இடத்தைப் பிடித்த ஸ்டோக் பகுதியின் 'கோல்டன் டார்ச்' 1973-ல் மூடப்பட்டது. இரண்டுக்கும் பின்னால் போதை மாத்திரைப் புழக்கமும் அதிகாரிகளின் கெடுபிடியும் இருந்தன. இரவு முழுக்க ஆடுவதற்காகச் சிலர் மாத்திரையை நாடினார்கள் என்பதும் இந்த வரலாற்றின் ஒரு பகுதிதான்.

1973 செப்டம்பர் 23. 'விகன் கேசினோ' தன் முதல் இரவு ஆட்டத்துக்குக் கதவைத் திறந்தது. பெயரைப் பார்த்து சூதாட்ட விடுதி என்று நினைத்துவிட வேண்டாம். அது ஒரு பழைய நடன அரங்கம். மது கிடையாது. நள்ளிரவு தாண்டித் தொடங்கும் ஆட்டம், காலை 8 மணிக்கு முடியும். வாரமெல்லாம் ஆலையில் வேலை பார்த்தவர்கள் ரயிலிலும் பேருந்திலும் வந்து இறங்குவார்கள். தோள்பையில் ஒரு துண்டு, மாற்றுச் சட்டை, ஒரு டப்பா டால்கம் பவுடர்.

பவுடர் முகத்துக்கு அல்ல, தரைக்கு! மரத்தரையில் தூவிவிட்டால், தோல் அடிப்பாகம் வைத்த ஷூ வழுக்கிக்கொண்டு போகும். இந்த ஆட்டத்துக்கு ஜோடி தேவையில்லை. தாளத்துக்கு ஏற்ப இடமும் வலமுமாக வழுக்க வேண்டும். பாட்டு உச்சத்துக்குப் போகும்போது பம்பரமாகச் சுழல வேண்டும். சட்டென்று பின்பக்கமாகத் தரையில் சாய்ந்து, கையை ஊன்றி, அதே தாளத்தில் எழுந்து நிற்க வேண்டும். அகலமான பேன்ட், வட்டப் பாவாடை எல்லாம் காலை வீச வசதியாக வந்தவை. யாரும் யாரையும் கவர ஆடுவதில்லை. கண்ணை மூடிக்கொண்டு பாட்டோடு ஆடுகிறவர்களே அதிகம்.

பையிலும் சட்டையிலும் துணி பேட்ஜ் தைத்திருப்பார்கள். உயர்த்திய முஷ்டி, சுற்றிலும் 'நம்பிக்கையைக் கைவிடாதே' என்று பொருள் தரும் 'கீப் த ஃபெய்த்' வாசகம். அமெரிக்கக் கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டச் சின்னம் அந்த முஷ்டி. அதைத்தான் இங்கிலாந்தின் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் சட்டையில் குத்திக்கொண்டார்கள்.

லேபிளை மறைத்த டி.ஜே.க்கள்

அடுத்த ஊர் டி.ஜே.யிடம் இல்லாத பாட்டு யாரிடம் இருக்கிறதோ, அவருக்குத்தான் கூட்டம். அதனால் டி.ஜே.க்களும் வியாபாரிகளும் அமெரிக்காவுக்குப் பறந்தார்கள். கிடங்கு கிடங்காக, பழைய கடை கடையாகத் தேடினார்கள். ஒரு நல்ல பாட்டு கிடைத்தால் முதல் வேலை, லேபிளின் மேல் வெள்ளைத்தாள் ஒட்டுவது! பாட்டுக்கும் பாடகருக்கும் பொய்ப் பெயர் சொல்வார்கள். உண்மைப் பெயர் தெரிந்தால் போட்டியாளரும் போய்த் தேடிப் பிடித்துவிடுவாரே.

ஃபிராங்க் வில்சனின் பாட்டும் இந்த ஆட்டத்துக்குத் தப்பவில்லை. விகன் கேசினோவில் அது 'எடி ஃபாஸ்டர்' பாடியதாகத்தான் அறிமுகமானது. அதே பெயரில் கள்ளத்தட்டும் அச்சாகி விற்றது. பாட்டுக்கு ஆயிரக்கணக்கானோர் ஆடினார்கள். பாடியவர் யார் என்பதே பலருக்குத் தெரியாது. 1979-ல்தான் மோடவுன் அதை வில்சன் பெயரிலேயே பிரிட்டனில் வெளியிட்டது.

கள்ளத்தட்டு பெருகியதால், அசலைக் கண்டுபிடிப்பதே தனிக் கலையானது. பாட்டு முடிகிற இடத்துக்கும் லேபிளுக்கும் நடுவில் உள்ள வெற்று வளையத்தில், ஆலையில் பதித்த எண் இருக்கும். அது இயந்திரத்தால் அழுத்தியதா, கையால் கீறியதா? லேபிளின் எழுத்துரு சரியா? தட்டு வினைலா, அமெரிக்காவின் சில ஆலைகள் பயன்படுத்திய ஸ்டைரீன் பிளாஸ்டிக்கா? ஸ்டைரீன் என்றால் சீக்கிரம் தேய்ந்து இரைச்சல் கேட்கும். அனுபவசாலிகள் தட்டை ஒலிக்கவிடும் முன்பே, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து இத்தனையும் படித்துவிடுவார்கள்.

பழசா, புதுசா?

1970-களின் நடுவில் இந்தக் குடும்பத்துக்குள்ளேயே சண்டை வந்தது. பிளாக்பூல் மெக்காவின் 'ஹைலேண்ட் ரூம்' அரங்கில் இயன் லெவின், காலின் கர்ட்டிஸ் என்ற இரண்டு டி.ஜே.க்கள், 1960-களின் தட்டுகளோடு அப்போது புதிதாக வந்த சோல் பாடல்களையும் கலந்து ஒலிக்கவிட்டார்கள். தாளம் கொஞ்சம் நிதானம். இசைக்கோர்ப்பு கொஞ்சம் செழுமை. இந்தப் போக்கு 'மாடர்ன் சோல்' என்று பெயர் பெற்றது.

பழைய ரசிகர்கள் கொதித்தார்கள். 'லெவின் வெளியேறு' என்று பதாகை பிடித்தார்கள். மெக்கா தரப்பின் வாதமோ எளிமையானது. 1960-களில் பதிவான நல்ல பாட்டு என்றைக்காவது தீர்ந்துபோகும். புதியதைச் சேர்க்காவிட்டால் இது இசை ரசனையாக இருக்காது, அருங்காட்சியகமாகிவிடும்.

இன்று திரும்பிப் பார்த்தால் யாரும் தோற்கவில்லை. சோல் இசை விழாக்களில் இப்போது இரண்டு அறைகள் சகஜம். ஒன்றில் 1960-களின் வேகம், இன்னொன்றில் மாடர்ன் சோல். நேற்று சண்டை போட்டவர்கள் இன்று இரண்டு அறைக்கும் நடக்கிறார்கள்.

பாடியவருக்கு என்ன கிடைத்தது?

எல்லாம் சரி. ஒரு கேள்வி மட்டும் உறுத்திக்கொண்டே இருக்கிறது. அந்த 25,742 பவுண்டில் ஃபிராங்க் வில்சனுக்கு எவ்வளவு? பூஜ்யம். பழைய தட்டு கைமாறும்போது விற்றவருக்குத்தான் பணம். பாடியவருக்கு ராயல்டி கிடையாது. கள்ளத்தட்டிலும் பாடியவருக்குப் பங்கில்லை.

குளோரியா ஜோன்ஸ் கதையும் இதே ரகம்தான். அவர் பாடிய 'டெயின்டட் லவ்' 1965-ல் ஒரு தட்டின் பின்பக்கமாக வெளியாகி, யாரும் கண்டுகொள்ளாமல் போனது. 1973-ல் டி.ஜே. ரிச்சர்ட் சியர்லிங் அமெரிக்காவில் அந்தத் தட்டை வாங்கி வந்தார். வடக்கு அரங்குகளில் பாட்டு தீயாகப் பிடித்தது. 1981-ல் 'சாஃப்ட் செல்' குழு அதை மறுபடி பாடி, பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. இப்படி இன்னொருவர் மறுபடி பாடும்போது ராயல்டி, எழுதிய எட் காப் பக்கம் போகும். முதலில் பாடியவருக்குப் போகாது.

ஆனால், இந்த ரசிகர்கள் தட்டை மட்டும் தேடவில்லை, ஆளையும் தேடினார்கள். அமெரிக்கா மறக்கத் தொடங்கிய மேஜர் லான்ஸ், 1972-ல் கோல்டன் டார்ச் மேடையில் பாடினார். அந்த நிகழ்ச்சியே இசைத்தட்டாக வந்தது. டாமி ஹன்ட் விகன் கேசினோவில் பாடினார். எட்வின் ஸ்டார் இங்கிலாந்திலேயே குடியேறி, 2003-ல் காலமாகும்வரை அங்கேயே வாழ்ந்தார். 1982-ல் தொடங்கிய 'கென்ட்' நிறுவனம், கிடங்குகளில் தூங்கிய ஒலிநாடாக்களைத் தேடியெடுத்து, முறையான உரிமம் பெற்று வெளியிட்டது.

அசல் தட்டுதான் உசத்தி என்கிறார்கள் ஒரு சாரார். முறையான மறுபதிப்பை வாங்கினால்தானே பாடியவருக்கு நாலு காசு சேரும் என்கிறார்கள் மறு சாரார். அசல் தட்டு மட்டும்தான் ஒலிக்கும் என்று இன்றைக்கும் பெருமையாக அறிவிக்கும் நிகழ்ச்சிகள் உண்டு. இந்த வழக்கு இன்னும் தீரவில்லை.

கடைசித் தட்டு

1981 டிசம்பர் 6. விகன் கேசினோவின் கடைசி இரவு. வழக்கமாகக் காலை 8 மணிக்கு முன் மூன்று பாடல்கள் வரிசையாக ஒலிக்கும். அதற்குப் பெயரே 'எட்டுக்கு முன் மூன்று'. அன்று அந்த மூன்றும் திரும்பத் திரும்ப ஒலித்தும் கூட்டம் நகரவில்லை. அழுதுகொண்டே நின்றார்கள். டி.ஜே. ரஸ் வின்ஸ்டன்லி இன்னும் ஒரு தட்டை எடுத்து வைத்தார். ஃபிராங்க் வில்சன்! ஒரு காலத்தில் குப்பைக்குப் போன அந்தப் பாட்டோடுதான் அரங்கம் மூடியது.

இன்று அந்தக் கட்டடம் இல்லை. அந்த இடத்தில் வணிக வளாகம் நிற்கிறது. ஆட்டம் மட்டும் நிற்கவில்லை. லண்டனின் '100 கிளப்' இரவுகள் 40 ஆண்டுகளைத் தாண்டிவிட்டன. பிளாக்பூலில் நடக்கும் விழாக்களுக்கு ஜப்பானிலிருந்தும் ஸ்பெயினிலிருந்தும்கூட வருகிறார்கள். அன்று சுழன்றவர்களுக்கு இன்று முழங்கால் வலி. அவர்கள் ஓரமாக உட்கார்ந்து பார்க்க, பேரப்பிள்ளை வயதுப் பிள்ளைகள் வீடியோ பார்த்துக் கற்ற சுழற்சியைத் தரையில் பழகுகிறார்கள். அவர்களில் பலரிடம் அசல் தட்டு ஒன்றுகூட இருக்காது. ஆட அது தேவைப்படவும் இல்லை.

அந்தத் தட்டை வாங்க 2009-ல் 25,742 பவுண்டு தேவைப்பட்டது. அந்தப் பாட்டைக் கேட்க, நீங்கள் இப்போது கையில் வைத்திருக்கும் போன் போதும். இன்று இரவு வீட்டில் எல்லோரும் இருக்கும்போது ஒரு முறை சத்தமாக வைத்துப் பாருங்கள். முதலில் யாருடைய கால் தாளம் போடுகிறது என்று கவனியுங்கள். தாத்தாவோ, பேத்தியோ!